பழைய பிக்கப் வண்டி: பராமரிப்பு, பழுதுபார்ப்பு, இழுவை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனிச் சேஸியின் (அடிச்சட்டத்தின்) மேல் கேபினும் சுமை ஏற்றும் பின்பாடியும் அமர்ந்த, பின்சக்கரங்களோ நான்கு சக்கரங்களுமோ இயங்கும் பழைய பிக்கப் வண்டிகளை வைத்திருப்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டது. நிற்கவும் திரும்பவும் தேவையானவை முதலில், ஓடத் தேவையானவை அடுத்து, தோற்றம் கடைசியில் என்ற வரிசையிலேயே பழைய வண்டிக்குச் செலவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பதில்களும் அந்த நோக்கிலேயே அமைந்துள்ளன. இங்குள்ள அளவுகள் பொதுவானவை. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே செல்லும்.

பழைய பிக்கப் ஒன்றை இப்போதுதான் வாங்கியிருக்கிறேன். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

வண்டிக்கு அடியில் பாருங்கள். பெரும்பாலானவர்கள் பானட்டைத் திறந்து என்ஜின் ஓசையைக் கேட்பதிலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள். என்ஜின் கெட்டால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான்; பிரேக் குழாயோ ஸ்டியரிங் பால் ஜாயிண்டோ சேஸியோ கெட்டால் வண்டி நிற்காமல் போகும், அல்லது திரும்பாமல் போகும். ஆகவே முதல் நாளில் சேஸியின் துரு, இரும்புப் பிரேக் குழாய்கள், ரப்பர் ஹோஸ்கள், ஸ்டியரிங் இணைப்புகள், முன்சக்கர பேரிங்குகளின் ஆட்டம், டயர்களின் வயது ஆகியவற்றைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடியில் புகுவதற்கு முன் ஒன்றைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. ஹைட்ராலிக் ஜாக்கியின் உள்ளே இருக்கும் சிறிய ரப்பர் வளையம் ஒன்று விட்டுக்கொடுத்தால்கூட முழு எடையும் இறங்கிவிடும். சமதளமான, கெட்டியான தரையில் நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, ஆக்சிலுக்கோ சேஸிக்கோ அடியில் உரிய ஸ்டாண்டுகளை நிறுத்திய பிறகே புக வேண்டும். செங்கலும் காங்கிரீட் கல்லும் ஸ்டாண்டுக்கு மாற்றாகா; அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

சேஸியில் துரு இருக்கிறது. எந்த அளவுக்கு மேல் ஆபத்து?

மேற்பரப்பில் பழுப்பாகப் படிந்திருக்கும் துரு எந்தப் பழைய வண்டியிலும் இருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்தால் போதும். அடுக்கடுக்காக உரிந்து வரும் துருவே கவலைக்குரியது. கனமான ஸ்க்ரூ டிரைவரின் முனையால் சேஸியை அழுத்திக் குத்திப் பாருங்கள். சிறிய சுத்தியலால் ஓர் அங்குல இடைவெளியில் தட்டிக்கொண்டே செல்லுங்கள். கெட்டியான இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரிக்கப்பட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். சில இடங்களில் தட்டிய அதிர்விலேயே உள்ளிருந்து செதில்கள் உதிரும் சத்தம் கேட்கும். சேஸி மூடிய பெட்டி வடிவில் இருந்தால் சேறும் உப்பும் உள்ளே தங்கி, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும் என்பதால், வெளிப்புறப் பெயின்ட்டைப் பார்த்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

பின் ஸ்பிரிங் பட்டைகள் சேஸியோடு சேரும் ஹேங்கர்கள், பின்சக்கரத்துக்கு மேலே சேஸி வளைந்து எழும் பகுதி, கேபினைத் தாங்கும் மவுண்ட்டுகள், டீசல் டாங்கியைக் கட்டியிருக்கும் பட்டைகள், டிரெய்லர் கொக்கி பூட்டப்பட்ட இடம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பாருங்கள். இவற்றில் ஓட்டை விழுந்திருந்தால் மேலே தகடு வைத்துப் பற்ற வைப்பது மட்டும் தீர்வாகாது. நல்ல இரும்பு தொடங்கும் இடம்வரை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள தகட்டை வைத்து, சேஸி வேலை தெரிந்தவர் பற்ற வைக்க வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றாவிட்டால் ஆல்டர்னேட்டரின் டயோடுகளும், இருந்தால் என்ஜின் கட்டுப்பாட்டுக் கருவியும் பழுதாகலாம். எரிபொருள் டாங்கிக்கு அருகில் வேலை என்றால் டாங்கியை இறக்கிவிட வேண்டும்.

வேலை முடிந்ததும் சேஸியின் உட்புறத்தில் மெழுகுவகைத் துருத்தடுப்பைத் தெளித்து, நீர் வடியும் துளைகள் அடைபடாமல் விட்டுவிடுங்கள். அடர்த்தியான தார்ப்பூச்சைத் துருவின் மேலேயே பூசுவது ஈரத்தை உள்ளே பூட்டி வைத்து அரிப்பை மறைக்கும் வேலை. விற்பதற்குத் தயார் செய்யப்பட்ட வண்டிகளில் இதை அடிக்கடி காணலாம்.

முந்தைய உரிமையாளர் எதை எப்போது மாற்றினார் என்ற பதிவே இல்லை. எல்லா ஆயிலையும் மாற்ற வேண்டுமா?

ஆம். என்ஜின் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது. கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் (ஆக்சிலின் நடுவில் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதி), நான்கு சக்கர இயக்கம் இருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் ஆக்சிலுக்கும் விசையை அனுப்பும் பெட்டி), பவர் ஸ்டியரிங், பிரேக், கிளட்ச், கூலன்ட் ஆகிய அனைத்தையும் ஒருமுறை மாற்றிவிட்டால் அன்றிலிருந்து உங்கள் கணக்கு தொடங்கும். கழிவு ஆயிலைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்துப் பார்ப்பதும் பயனுள்ளது. டிஃபரென்ஷியலின் காந்த பிளக்கில் பசைபோல ஒட்டியிருக்கும் நுண்ணிய இரும்புப்பொடி இயல்பான தேய்மானம். கையில் குத்தும் துண்டுகள் இருந்தால் பல்சக்கரமோ பேரிங்கோ உடைந்துகொண்டிருக்கிறது. ஆயில் பால்காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

கியர் ஆயில் மாற்றும்போது, வடிக்கும் பிளக்கைக் கழற்றுவதற்கு முன் நிரப்பும் பிளக் கழலுகிறதா என்று பார்த்துவிடுங்கள். பல ஆண்டுகள் தொடப்படாத பிளக் துருவேறி இறுகியிருக்கும். ஆயிலை வடித்துவிட்ட பிறகு நிரப்ப வழியில்லை என்றால் வண்டியை நகர்த்தவே முடியாது.

ஆயிலின் தரத்திலும் கவனம் தேவை. பின் ஆக்சிலில் இருக்கும் ஹைப்பாய்டு பல்சக்கரங்களுக்குப் பொதுவாக ஜிஎல்-5 தரம் வேண்டும். கியர் உரசாமல் விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்கள் கொண்ட பழைய கியர்பாக்ஸ்களில் பெரும்பாலும் ஜிஎல்-4 தரமே குறிப்பிடப்பட்டிருக்கும். ஜிஎல்-5 ஆயிலில் கூடுதலாக உள்ள கந்தக-பாஸ்பரஸ் சேர்மங்கள் அந்த வளையங்களைக் கெடுக்கக்கூடும். இரண்டுக்கும் ஒரே டப்பாவிலிருந்து ஊற்றுவது வசதிதான், ஆனால் சரியல்ல. ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகை டிஃபரென்ஷியலாக இருந்தால் அதற்கென்று குறிப்பிட்ட ஆயில்தான் ஊற்ற வேண்டும்.

ஆக்சில் ஹவுசிங்கின் மேலே ஒரு சிறிய பிரீத்தர் வால்வு இருக்கும். அது சேற்றால் அடைபட்டால் ஓட்டத்தில் சூடேறும் காற்று வெளியேற வழியின்றி ஆயிலை சீல்கள் வழியே தள்ளும்; அந்த ஆயில் பின்பிரேக் டிரம்முக்குள் போய் ஷூக்களை நனைக்கும். புதிய சீல் போட்டும் கசிவு நிற்கவில்லை என்றால் இந்த வால்வைப் பாருங்கள்.

டைமிங் பெல்ட்டை உடனே மாற்ற வேண்டுமா?

வால்வுகளைப் பிஸ்டன்களோடு இசைவாக இயங்கவைப்பது இதுதான். உங்கள் என்ஜினில் செயின் இல்லாமல் பெல்ட் இருந்து, மாற்றிய பதிவும் இல்லையென்றால் உடனே மாற்றுங்கள். பல டீசல் என்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளின் மேல் மோதும். ரப்பர் பெல்ட்டில் போக வேண்டிய செலவு சிலிண்டர் ஹெட்டில் போய் முடியும். டென்ஷனர், ஐட்லர் பேரிங், அங்கேயே இருக்கும் வாட்டர் பம்ப், ஆயில் சீல் ஆகியவற்றையும் சேர்த்தே மாற்றுவது அறிவுடைமை, ஏனெனில் உழைப்பில் பெரும்பகுதி அங்கே சென்றடைவதற்கே செலவாகிறது.

சமவெளியில் வெப்பம் சரியாக இருக்கிறது. ஏற்றத்திலோ சுமையோடோ போனால் ஊசி ஏறுகிறது. ஏன்?

சுமை கூடும்போது என்ஜின் எரிக்கும் எரிபொருள் கூடுகிறது, வெப்பமும் கூடுகிறது. ஆனால் வேகம் குறைவதால் ரேடியேட்டர் வழியாகப் போகும் காற்று குறைகிறது. அந்நேரத்தில் முழுப் பொறுப்பும் விசிறியின் மேலும் ரேடியேட்டரின் மேலும் விழுகிறது. ஆகவே பாதி அடைபட்ட ரேடியேட்டர் சமவெளியில் காட்டிக்கொடுக்காது.

முதலில் வெளிப்புறத்தைப் பாருங்கள். ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் இடையில் பூச்சிகளும் வைக்கோலும் மண்ணும் அடைந்திருக்கும். என்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். அடுத்து விசிறி. பெரும்பாலான பழைய பிக்கப்களில் பிசுக்கான சிலிக்கோன் திரவத்தால் இயங்கும் விஸ்கஸ் கிளட்ச் இருக்கும். என்ஜின் நன்றாகச் சூடேறியபின் அணைத்துவிட்டு விசிறியைக் கையால் சுழற்றினால் தெளிவான தடை தெரிய வேண்டும். பல சுற்றுகள் தடையின்றிச் சுழன்றால், அல்லது கிளட்ச்சைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், அதை மாற்ற வேண்டும். விசிறியைச் சுற்றியுள்ள கூண்டு உடைந்திருந்தாலும் காற்று ரேடியேட்டர் வழியாக இழுக்கப்படாமல் சுற்றிலிருந்து வந்துவிடும். அந்த பிளாஸ்டிக் கூண்டைக் கழற்றி எறிந்துவிட்ட வண்டிகள் ஏராளம்.

ரேடியேட்டர் மூடியும் வேலை செய்யும் பாகம்தான். ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தை அது தாங்கிப் பிடிப்பதால்தான் கூலன்ட்டின் கொதிநிலை 120 பாகை செல்சியஸைத் தாண்டுகிறது. ரப்பர் கெட்ட மூடி அந்த ஏற்பாட்டையே இல்லாமல் ஆக்கிவிடும். சூடான என்ஜினில் அந்த மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விடுபட்டதும் உள்ளிருக்கும் திரவம் அந்த நொடியிலேயே ஆவியாகப் பீறிடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவது பரவலான பழக்கம். அதனால் என்ஜின் உரிய வெப்பத்தை எட்டாமலேயே ஓடி, தேய்மானமும் எரிபொருள் செலவும் கூடும், உண்மையான பழுதும் மறைந்து நிற்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால், ரேடியேட்டரில் தொடர்ந்து குமிழிகள் எழுந்தால், அல்லது குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த சில நொடிகளிலேயே மேல் ஹோஸ் கல்போல இறுகினால், ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலான அடைப்புத் தகடு) வழியாகச் சிலிண்டரில் எரிந்த வாயு கசிகிறதா என்று சோதிக்க வேண்டும். அதுவரை டிரெய்லரைத் தொடவே வேண்டாம்.

புகையின் நிறத்தை வைத்து என்ன சொல்லலாம்?

கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை அல்லது எரிபொருள் அதிகம். ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸில் கிழிசல், இன்ஜெக்டர் என்ற வரிசையில் பாருங்கள். நீலம் கலந்த புகை என்ஜின் ஆயில் எரிவதைக் காட்டும். வெள்ளைப் புகை கண்ணை எரித்து டீசல் வாசனையோடு வந்தால் எரியாத டீசல். இனிப்பு வாசனையோடு வந்து, சூடேறியபின்னும் நிற்காவிட்டால் கூலன்ட். குளிர்ந்த காலையில் சிறிது நேரம் தோன்றி மறையும் நீராவிக்குக் கவலைப்பட வேண்டாம்.

டீசல் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகப் பாடாய்ப் படுத்துகிறது. எங்கிருந்து தொடங்குவது?

ஸ்டார்ட்டர் என்ஜினை எப்படிச் சுழற்றுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். மெதுவாகச் சுழன்றால் அது மின்சாரப் பிரச்சினை. வேகமாகச் சுழன்றும் பிடிக்கவில்லை என்றால் எரிபொருள் அல்லது குளோ பிளக் (குளிர்ந்த டீசல் என்ஜினை ஸ்டார்ட் செய்யச் சூடேற்றும் பாகம்) பிரச்சினை. இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ளாமல் பாகங்களை வாங்கத் தொடங்கினால் பணம்தான் கரையும்.

மெதுவாகச் சுழன்றால் புதிய பேட்டரி வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும், மறுமுனையை என்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இரும்பிலும் அழுத்திப் பிடித்து, ஒருவரை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். மீட்டர் 0.5 வோல்ட்டைத் தாண்டிக் காட்டினால் எர்த் கேபிளிலோ அதன் முனையிலோ மின்சாரம் வீணாகிறது. பாசிட்டிவ் கம்பத்துக்கும் ஸ்டார்ட்டரின் பெரிய முனைக்கும் இடையிலும் இதே சோதனையைச் செய்யலாம். வெளியே நன்றாகத் தெரியும் கேபிளின் உறையை முனையருகே சற்று வெட்டிப் பார்த்தால், உள்ளே செம்பு இழைகள் பச்சைப் பொடியாக அரிக்கப்பட்டுக் கிடக்கலாம். இத்தகைய கேபிள்களுக்காகவே எத்தனையோ நல்ல ஸ்டார்ட்டர்களும் பேட்டரிகளும் மாற்றப்பட்டிருக்கின்றன.

வேகமாகச் சுழன்றும் பிடிக்கவில்லை என்றால், குளோ பிளக்குகளுக்கு மின்சாரம் வருகிறதா என்று முதலில் பார்த்து, பிறகு ஒவ்வொன்றையும் மீட்டரில் அளக்க வேண்டும். நல்ல பிளக் பெரும்பாலும் ஓரிரு ஓமுக்குள் காட்டும். முடிவிலி காட்டினால் அது எரிந்துவிட்டது. அடுத்து, டீசல் குழாயில் காற்று. இரவு முழுக்க நின்றபின் மட்டும் தொல்லை கொடுத்து, ஒருமுறை பிடித்தபின் பகல் முழுக்கச் சரியாக இருந்தால், எங்கோ ஒரு கிளாம்ப்போ ஃபில்டர் சீலோ காற்றை விட்டு டீசலை டாங்கிக்குத் திரும்ப இறக்குகிறது. பழைய மெக்கானிக்கல் பம்ப் வகைகளில், பம்ப்புக்கு முன்னால் ஓரடி நீளத்துக்கு டீசல் தாங்கும், கண்ணாடிபோல் உள்ளே தெரியும் ஹோஸைத் தற்காலிகமாகப் பூட்டினால் காற்றுக்குமிழிகள் ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குமிழி தெரிந்தால், டாங்கிப் பக்கம் நோக்கி இணைப்புக்கு இணைப்பு ஹோஸை நகர்த்திப் பூட்டிக்கொண்டே போனால் இடம் அகப்படும். உயர் அழுத்தக் காமன் ரெயில் என்ஜின்களில் அழுத்தக் குழாய்களை ஒருபோதும் தளர்த்திப் பார்க்கக் கூடாது. அந்தப் பீறல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுவது இவ்வளவுக்கும் முந்தைய வேலை.

இரண்டு நாள் நின்றால் பேட்டரி இறங்கிவிடுகிறது. என்ன செய்வது?

சில மணிநேரம் நின்றபின் முழு மின்னேற்றமுள்ள பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். இவை சரியாக இருந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது. எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளை மூடி, நெகட்டிவ் கேபிளுக்கும் கம்பத்துக்கும் இடையில் மீட்டரைத் தொடராக இணைத்து அளந்தால் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கியதும் அளவு விழுகிறதோ அந்த வழியில் குற்றவாளி இருக்கிறது. பழைய பிக்கப்களில் பின்னாளில் பூட்டப்பட்ட ஸ்டீரியோவும், டிரெய்லர் வயரிங்கும்தான் பெரும்பாலும் காரணம். மீட்டர் இணைந்திருக்கும்போது ஸ்டார்ட்டரைத் தொடக் கூடாது.

பிரேக் பெடல் மிதிபடுகிறது, ஆனால் வண்டி நிற்கும் தூரம் நீண்டுவிட்டது. எதைச் சரிசெய்ய வேண்டும்?

இதுவே இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் சேர்ந்த நிலையில் அதற்கான குறைந்தபட்ச அளவு 155 பாகைதான். டாட் 3 ஆயிலுக்கு இவை முறையே 205, 140. நீண்ட இறக்கத்தில் சுமையோடு இறங்கும்போது காலிப்பரின் வெப்பத்தில் அந்த ஈரம் ஆவியாகிவிட்டால், ஆவி அமுங்கக்கூடியது என்பதால், பெடல் தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதுமாக மாற்றுங்கள்.

அடுத்து, மிதிக்கும் விசையை வேக்குவத்தின் (காற்று உறிஞ்சப்பட்ட வெற்றிடத்தின்) உதவியால் பெருக்கும் பூஸ்டர். என்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதித்து, மிதித்தபடியே என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்கவில்லை. டீசல் என்ஜின்களில் வேக்குவம் தனிப் பம்ப்பிலிருந்து வருகிறது. பல பிக்கப்களில் அந்தப் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே பூட்டப்பட்டிருக்கும். ஆகவே ஆல்டர்னேட்டர் மாற்றியபின் பிரேக் கனத்துப்போனது என்ற புகாரில் வியப்பில்லை. வேக்குவம் ஹோஸையும் பம்ப்புக்குப் போகும் ஆயில் வழியையும் பார்க்க வேண்டும்.

பின்சக்கரங்களில் பெரும்பாலும் டிரம் பிரேக்குகள் இருக்கும். தானாகச் சரிசெய்துகொள்ளும் அமைப்பு துருவேறி இறுகிப்போவதால், ஷூ தேய்ந்த இடைவெளி கூடிக்கொண்டே போய், பின்பிரேக் பேருக்கு மட்டும் இருக்கும். இரு டிரம்களையும் கழற்றி, தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து (பழைய ஷூக்களின் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்), வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். உள்ளே நனைந்திருந்தால் சிலிண்டர் கசிகிறது. ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் இரு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும்.

பின் ஆக்சிலுக்கும் சேஸிக்கும் இடையே ஒரு கம்பியோ நெம்புகோலோ இணைந்த வால்வு ஒன்று பல பிக்கப்களில் உண்டு. வண்டி சுமையேறித் தாழ்ந்தால் பின்பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவதும், காலியாக உயர்ந்து நிற்கும்போது குறைப்பதும் அதன் பணி. அந்த நெம்புகோல் இறுகிப்போனால், ஒன்று காலி வண்டியில் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கும், அல்லது சுமைவண்டியில் முன்பிரேக் மட்டும் உழைத்து எரியும். பின்புறத்தை உயர்த்த ஸ்பிரிங் மாற்றியவர்கள் இந்த வால்வைச் சரிசெய்யாமல் விட்டால், எவ்வளவு சுமையேற்றினாலும் வண்டி காலியாக இருப்பதாகவே அது கணக்கிடும்.

கியர் போட்டுக் கிளம்பும்போது அடியில் "டக்" என்று ஓசை வருகிறது. என்னவாக இருக்கும்?

கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயிண்ட் (வளைந்து சுழல விடும் இணைப்பு) பெரும்பாலும் தேய்ந்திருக்கும். சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, நியூட்ரலில் வைத்து, ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் திருகிப் பாருங்கள். ஜாயிண்டின் நடுவில் உள்ள சிலுவை வடிவ கிராஸில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் மாற்ற வேண்டும். மூடிகளைச் சுற்றிச் சிவப்புத் தூள் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது. கழற்றுவதற்கு முன் ஷாஃப்ட்டையும் ஃபிளாஞ்சையும் பெயின்ட்டால் கோடிட்டு அடையாளம் வைத்து, அதே நிலையில் திரும்பப் பூட்டுங்கள். இரு முனைகளின் கவடுகளும் ஒரே கோணத்தில் அமையாவிட்டால் வேகத்தில் வண்டி அதிரும். ஜாயிண்ட் நன்றாக இருந்தால் நழுவும் ஸ்பிளைனுக்குக் கிரீஸ் அடித்துப் பாருங்கள், பிறகு ஸ்பிரிங் புஷ், என்ஜின் மவுண்ட் என்று தொடருங்கள்.

பின்புறம் தாழ்ந்துவிட்டது. கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டால் அதிகச் சுமை ஏற்றலாமா?

தாழ்ந்தது நிமிரும், அனுமதிக்கப்பட்ட எடை கூடாது. ஆக்சில், பேரிங், பிரேக், டயர், சேஸி ஆகிய அனைத்தின் வரம்பையும் வைத்தே அந்த எடை நிர்ணயிக்கப்பட்டது. ஸ்பிரிங் அவற்றுள் ஒன்று மட்டுமே. களைத்துப்போன பட்டைகளைப் புதியவற்றால் மாற்றும்போது யு-போல்ட்டுகளையும் புதிதாகவே போடுங்கள், ஏனெனில் ஒருமுறை இறுக்கும்போதே அவை நீண்டுவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும்.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு வரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பத்து ஆண்டைத் தாண்டிய டயரை, பட்டன் எவ்வளவு இருந்தாலும், மாற்றிவிட வேண்டும். சுமையும் இழுவையும் உள்ள வண்டியில் அதற்கு முன்பே மாற்றுவது நல்லது. பின்பாடிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். அதை இறக்கும் சங்கிலியும் சுருளும் துருவேறி இறுகியிருப்பது பஞ்சர் ஆகும்போதுதான் தெரியவரும். ஆண்டுக்கு ஒருமுறை இறக்கி, கிரீஸ் தடவி ஏற்றுங்கள்.

என் பிக்கப் எவ்வளவு எடையை இழுக்கும்?

கையேட்டில் இழுவை வரம்பு என்று ஒற்றை எண் இருக்கும். அதை மட்டும் பார்த்து முடிவு செய்வதுதான் பரவலான தவறு. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கு ஒரு வரம்பு, வண்டியின் மொத்த எடைக்கு ஒரு வரம்பு, பின் ஆக்சிலுக்கு ஒரு வரம்பு, கொக்கிக்கு ஒரு வரம்பு எனப் பல உண்டு. இவற்றுள் எது முதலில் நிரம்புகிறதோ அதுவே உங்கள் வரம்பு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இழுவை வரம்பு 2,500 கிலோ, சேர்ந்த மொத்த வரம்பு 4,500 கிலோ, காலி வண்டி 1,750 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆட்களும் சாமான்களும் 600 கிலோ ஏறினால் வண்டி 2,350 கிலோ ஆகிவிடும். டிரெய்லருக்கு மீதமிருப்பது 2,150 கிலோதான், 2,500 அல்ல. அந்த டிரெய்லரின் மூக்கு (கொக்கியில் பூட்டும் முன்முனை) அதன் எடையில் 10 விழுக்காட்டை, அதாவது 215 கிலோவைக் கொக்கியின் மேல் அழுத்தும் என்று கொள்வோம். கொக்கி பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால், சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 3 மீட்டர் என்றால், நெம்புகோல் விளைவால் பின் ஆக்சிலின் மேல் 301 கிலோ கூடும், முன் ஆக்சிலிலிருந்து 86 கிலோ குறையும். முன்புறம் இலேசாகும்போது ஸ்டியரிங்கின் பிடியும் முன்பிரேக்கின் பிடியும் குறைகின்றன.

இந்த வரம்புகள் புதிய வண்டிக்குச் சொல்லப்பட்டவை. சேஸி, பிரேக், கூலிங் மூன்றும் நல்ல நிலையில் இருப்பதை உறுதிசெய்த பிறகும், பழைய வண்டியில் வரம்பின் விளிம்புவரை போகாமல் கணிசமான இடைவெளி விடுவதையே நான் பரிந்துரைப்பேன். உத்தேசமாகக் கணக்கிடாமல் எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். டிரெய்லருக்குத் தனிப் பிரேக் எந்த எடைக்கு மேல் கட்டாயம், எந்த உரிமம் வேண்டும் என்பவை நாட்டுக்கு நாடு வேறுபடும். சட்டம் கேட்காவிட்டாலும் கனமான டிரெய்லருக்குப் பிரேக் வேண்டும்.

டிரெய்லரைப் பூட்டும்போது எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

கொக்கிப் பந்தின் அளவும், அதன் மேல் அமரும் டிரெய்லர் கப்ளரின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். சிறிய பந்தின் மேல் பெரிய கப்ளர் அமர்ந்துகொள்ளும், பள்ளத்தில் எகிறிக் கழன்றும்விடும். பூட்டியபின் டிரெய்லரின் ஜாக்கியால் மூக்கைத் தூக்கிப் பாருங்கள். வண்டியின் பின்புறமும் சேர்ந்து எழுந்தால்தான் பூட்டு விழுந்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலிகளை மூக்குக்கு அடியில் குறுக்காக மாட்டினால், கப்ளர் கழன்றாலும் மூக்கு சாலையில் குத்தாமல் சங்கிலியில் தாங்கும். விளக்குகள் மங்கலாகவோ மாறி மாறியோ எரிந்தால் பத்தில் ஒன்பது தடவை எர்த் இணைப்பே காரணம்.

எடையில் சுமார் 60 விழுக்காட்டை டிரெய்லர் ஆக்சிலுக்கு முன்னால் ஏற்றி, மூக்கு எடை 10 முதல் 15 விழுக்காட்டுக்குள் வருமாறு அமைப்பது பெரிய டிரெய்லர்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு. உங்கள் கொக்கியின் வரம்பு அதைவிடக் குறைவாக இருந்தால் டிரெய்லரின் எடையைத்தான் குறைக்க வேண்டும். டிரெய்லரின் சக்கர பேரிங்குகளை நீண்ட பயணத்துக்கு முன் கழற்றி, கழுவி, புதிய கிரீஸ் திணித்துப் பூட்டுங்கள். முதல் நிறுத்தத்தில் ஹப்பைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் பேரிங்கோ பிரேக்கோ இறுகியிருக்கிறது.

ஓட்டத்தில் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கினால் என்ன செய்வது?

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள். எதிர்த்திசையில் ஸ்டியரிங்கை ஒடிப்பதும் வண்டியின் பிரேக்கை அழுத்தி மிதிப்பதும் ஆட்டத்தை வளர்க்கும். டிரெய்லர் பிரேக்கைத் தனியாக இயக்கும் வசதி இருந்தால் அதை மட்டும் மெல்லப் பிடியுங்கள். வேகத்தைக் கூட்டி இழுத்து நேராக்கலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்க வேண்டாம். நின்றபின் சுமையை முன்னுக்கு நகர்த்தி, டயர் அழுத்தத்தைப் பார்த்து, அதன் பிறகும் குறைந்த வேகத்திலேயே தொடருங்கள்.

மலைச்சாலையில் இழுத்துச் செல்லும்போது?

எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அதே கியரிலோ அதற்கும் கீழான கியரிலோ இறங்குங்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பிரேக்கை இலேசாகத் தொட்டபடியே இறங்காமல், அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுவதும் விட்டு ஆறவிடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸாக இருந்தால் ஓவர்டிரைவை அணைத்துவிடுங்கள். கியர் மாறி மாறி விழுவதால் அதன் ஆயில் சூடேறி, கருகிய வாசனையோடு பழுப்பாகும். அடிக்கடி இழுப்பவர்கள் தனி ஆயில் கூலர் பூட்டுவது நல்ல முதலீடு.

பிக்கப்பே பழுதாகி நின்றுவிட்டால் அதை எப்படி இழுத்துச் செல்வது?

இயன்றால் நான்கு சக்கரங்களும் தரையைத் தொடாமல் தட்டையான மேடையுள்ள லாரியில் ஏற்றுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப்பை என்ஜின்தான் இயக்குகிறது. என்ஜின் நின்ற நிலையில் இயங்கு சக்கரங்கள் சாலையில் உருண்டால் உள்ளே ஆயில் சுற்றாமல் பாகங்கள் உரசி எரியும். வேறு வழியில்லை என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு இழுக்கலாம். கியர்பாக்ஸ் முனையில் நழுவிச் சேரும் வகையாக இருந்தால் அந்தத் துளையை அடைக்காவிட்டால் ஆயில் வழிந்துவிடும். நான்கு சக்கர இயக்க வண்டியில் இரு ஷாஃப்ட்டுகளையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இழுபடும் வண்டியில் அமர்பவருக்கு, என்ஜின் ஓடாததால் பவர் ஸ்டியரிங்கும் பிரேக் பூஸ்டரும் உதவாது என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். மிக அழுத்தி மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியை உரிய நிலையில் வைக்க வேண்டும். பிரேக்கே பழுதான வண்டியைக் கயிற்றில் கட்டி இழுக்கவே கூடாது.

சேற்றில் சிக்கிய வண்டியை டிரெய்லர் பந்தில் கயிறு கட்டி இழுக்கலாமா?

கூடாது. அந்தப் பந்து சீரான இழுவைக்காக அமைந்தது; குலுக்கி இழுக்கும் விசையில் அதன் தண்டு முறிந்தால், பந்து கயிற்றோடு கேபினுக்குள் பாயும், இவ்வாறு உயிர்கள் போயிருக்கின்றன. சேஸியோடு போல்ட்டுகளால் இணைந்த மீட்புக் கொக்கிகளில் மட்டும், உரிய திறன் குறித்த ஷாக்கிளால் (யு வடிவ இரும்பு வளையத்தால்) பூட்டுங்கள். முதலில் மண்வெட்டியால் சக்கரங்களுக்கு முன்னால் வழி வெட்டி, டயர் காற்றைக் குறைத்துப் பாருங்கள். பாதி நேரங்களில் இழுக்கும் தேவையே வராது. இழுக்கத்தான் வேண்டும் என்றால், கயிற்றின் நடுவில் கனமான சாக்கையோ ஈரத் துணியையோ போட்டு, கயிற்றின் நீளத்தைவிடக் கூடுதலான தொலைவுக்கு எல்லோரையும் விலகி நிற்கச் செய்த பிறகே தொடங்குங்கள்.